பொருள்வயிற் பிரிவும் பந்தி பரிமாறலும்: கம்பம் பள்ளத்தாக்குக் கல்லூரி மாணவர் கைக்காசு குறித்து ஓர் ஆராய்ச்சி

இக்கட்டுரை என்நுதலிற்றோ எனின், தேனியிலிருந்து லோயர் கேம்ப் வரை நீளும் பள்ளத்தாக்கில், கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிக் காலையில் கிளம்பும் இளைஞர் சிலர் இருட்டுவதற்குள் சட்டைப்பையில் ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டுடன் வீடு திரும்பும் அதிசயத்தை ஆராய்தல் நுதலிற்று. நோட்டு எங்கிருந்து வந்தது, என்ன வேகத்தில் வந்தது, மறுநாள் காலையில் ஏன் அதைக் காணோம் என்னும் மூன்றும் இதனுள் அடங்கும்.

தொல்காப்பியர் ஓதலுக்காகப் பிரிவதைத் தனியாகவும் பொருளுக்காகப் பிரிவதைத் தனியாகவும் வைத்தார். ஒரே ஆள் ஒரே காலையில் இரண்டு பிரிவையும் சேர்த்து மேற்கொள்வான் என்பதை அவர் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. காலை எட்டரை மணிக்கு உத்தமபாளையம் பேருந்து நிலையத்தில் நின்றால் அந்தக் கலப்புத் திணையைக் கண்ணால் காணலாம்: பைக்குள் மேலே ரெக்கார்டு நோட்டு, அடியில் மடித்து வைத்த கருப்பு பேண்ட். ஆனாலும் அவரை எளிதில் தள்ளிவிட முடியாது. கல்விக்கான பிரிவு மூன்று ஆண்டுகளைத் தாண்டாது என்று கற்பியலில் சொன்னவர் அவர். பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். மூன்றுக்கும் கணக்குச் சரியாக இருக்கிறது. அரியர் பற்றி மட்டும் நூற்பா இல்லை.

கைக்காசு என்பது யாதோ எனின், வீட்டாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டாத பணம். தேர்வுக் கட்டணத்துக்கு அப்பா தந்தது கைக்காசு ஆகாது. அதில் பிடித்த மிச்சம் ஆகும். அண்ணன் கொடுத்தது ஆகும், ஆனால் அண்ணி பார்க்கக் கொடுத்தது ஆகாது. இந்த நுட்பம் விளங்காமல் பொருளியலார் பலர் இதை உபரி வருவாய் என்று எழுதிவிடுகிறார்கள். உபரி என்றால் ஏற்கெனவே ஒன்று இருக்க வேண்டும்.

இத்துறையில் முன்னோர் கருத்து இரு மரபாக நிற்கிறது. தந்தையர் மரபு, "படிக்கிற பயலுக்கு எதுக்குடா காசு?" என்ற ஒற்றைக் கேள்வியைப் பல தலைமுறைகளாக மாற்றமின்றிக் காத்து வருகிறது. தாயார் மரபு எழுதாக் கிளவி. அஞ்சறைப்பெட்டியின் அடித்தட்டில் நடைபெறுவது. மூன்றாவதாக அரசும் இந்த விவாதத்தில் இறங்கியிருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது. நாளொன்றுக்கு 33 ரூபாய் சொச்சம். இதற்குள் டீயும் வடையும் அடங்கும். கூட ஒரு நண்பன் வந்துவிட்டால் வடை அடங்காது. தமிழ்நாட்டில் எந்த மாணவனும் தனியாக டீ குடித்ததாகக் களச் சான்று இல்லை என்பதால், மீதித் தொகைக்கு வேறு வழி தேட வேண்டியதாகிறது.

அந்த வழிகளை எந்த அளவுகோலால் அளப்பது? கூலி எவ்வளவு என்பது இரண்டாம் கேள்வி. வியர்வை காய்வதற்கும் நோட்டு கைக்கு வருவதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதே முதற்கேள்வி. இதனைப் பணத்தின் திசைவேகம் என்று இக்கட்டுரை குறிக்கும். நாளை மறுநாள் கிடைக்கும் ஆயிரத்தைவிட இன்றிரவு கிடைக்கும் ஐந்நூறு பெரிது என்பது கணிதத்தில் பிழை. விடுதியில் அது பிழையன்று.

திசைவேகம் மிகக் குறைந்த இடத்திலிருந்து தொடங்குவோம். அது மலை. விடியுமுன் கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. ஏறுவோரில் பெரும்பாலோர் பெண்கள். செமஸ்டர் விடுமுறையில் அத்தையோ சித்தியோ போகும் ஜீப்பில் மாணவனும் தொற்றிக்கொள்கிறான். ஏலச்செடியில் காய் தலைக்குமேல் தொங்குவதில்லை. தூரடியில் தரையோடு படரும் சரத்தில் பிடித்திருக்கும். குனிந்து, விளைந்ததை மட்டும் பார்த்து, பிஞ்சை விட்டு எடுக்க வேண்டும். மாணவன் ஒரு தூரை முடிப்பதற்குள் அத்தை அந்த வரிசையையே முடித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். "என்னா மருமகனே, காய் எடுக்குறியா, பரீட்சை எழுதுறியா?" கூலி பெரும்பாலும் வாரக் கணக்கு. சனிக்கிழமைவரை காத்திருக்கும் பொறுமை இருந்தால் அவன் ஏன் அவசரக் காசு தேடப் போகிறான்? 2018-இல் வந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மலையில் பணம் எவ்வளவு மெதுவாக ஏறி, எவ்வளவு விரைவாக இறங்கிவிடும் என்பது தெரியும்.

விந்தை என்னவெனில், மலையின் பணம் மாணவனுக்கு நேரடியாக வராவிட்டாலும் கல்லூரியாக வந்திருக்கிறது. போடிநாயக்கனூரில் உள்ள கல்லூரி ஒன்றின் பெயரே ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது பள்ளத்தாக்கே அண்ணாந்து பார்த்தது. அந்தச் சமயத்தில் பாயசத்தில் ஏலக்காய் தட்டுப்பட்டால், தின்றவர் அதைத் துப்பாமல் மென்றார் என்று பரிமாறியவர்கள் சொல்கிறார்கள்.

இனி தோட்டம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு பந்தலில் வெட்டு நடந்துகொண்டே இருப்பது இந்தப் பள்ளத்தாக்கின் தனிச்சிறப்பு. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் குலை வெட்டுவது, அழுகல் மணிகளைக் கத்தரியால் நீக்குவது, டிரேயில் அடுக்குவது, வண்டி ஏற்றுவது என்று மாணவனுக்கு ஏற்ற வேலை உண்டு. உயரமான மாணவனுக்கு மட்டும் ஏற்றதன்று. பந்தல் அவனுக்காகப் போடப்பட்டதில்லை. கழுத்தை ஒருபக்கம் சாய்த்தே நாள் முழுக்க நிற்க வேண்டும். அடுத்த வகுப்பில் அவன் தலை சாய்ந்திருப்பதைப் பேராசிரியர் ஐயம் கேட்பதாக நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

தோட்டத்தில் திசைவேகத்தைத் தீர்மானிப்பது வியாபாரியோ விலையோ அன்று, உறவுமுறை. இதனைத் தாய்மாமன் தேற்றம் எனலாம்: தோட்டக்காரர் உறவில் நெருங்க நெருங்கக் கூலி தூரம் போகும். அந்நியர் தோட்டத்தில் மாலை ஐந்து மணிக்குக் காசு. தூரத்துப் பங்காளி தோட்டத்தில், "வியாபாரி இன்னும் தரலப்பா, நாளைக்கு வந்து வாங்கிக்க." சொந்தத் தாய்மாமன் தோட்டத்தில், "மாப்ள, உனக்கில்லாததா?" என்ற சொற்றொடருடன் இரண்டு கிலோ திராட்சை. அதுவும் கத்தரியில் தப்பிய வகை. எதிர்த்துப் பேசவும் வழியில்லை. அவர் வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள். இல்லாவிட்டாலும், நாளைக்குத் தங்கை காதுகுத்துக்குச் சீர் கொண்டுவர வேண்டியவர் அவர்தான். ஒரு நாள் கூலிக்காக எதிர்காலச் சீர்வரிசையைப் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது என்பதைப் பி.காம். படிக்காதவனும் அறிவான்.

முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டதிலிருந்து அந்த நீரை நம்பி இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. ஆயினும் நெல்வயலில் மாணவனுக்கு வேலை அநேகமாக இல்லை. அறுக்க இயந்திரம் வந்துவிட்டது. நடவுக்குப் போனால் பெண்கள் சிரிக்கிறார்கள். ஆகையால் மருதத்தை இத்துடன் விட்டு, திசைவேகம் உச்சத்தைத் தொடும் இடத்துக்கு வருவோம். அது கல்யாண மண்டபம்.

முந்தின நாள் மாலை வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வரும்: "நாளை காலை 4 மணி, சின்னமனூர் மண்டபம், 12 பேர், பிளாக் பேண்ட் ஒயிட் சர்ட், ஷேவ் பண்ணிட்டு வரவும்." அரசாணைக்குரிய சுருக்கமும் கண்டிப்பும் இதில் உண்டு. முதலில் "நான் வர்றேன்ணே" என்று போட்டவர்களுக்கு இடம். தேர்வு முடிவைப் பார்க்கக்கூட இவ்வளவு வேகமாக விரல்கள் நகர்ந்ததில்லை. நாலு மணிக்குப் போய் இறங்கினால் காலை டிபன், பிறகு மதியச் சாப்பாடு. கடைசிப் பந்தி எழுந்து மேசை துடைத்ததும் கேட்டரிங் அண்ணன் மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் ஏற்றும் வண்டிக்கருகில் நின்று நோட்டுகளைப் பிரிப்பார். வியர்வை காய்வதற்கு நேரமே இல்லை. பள்ளத்தாக்கில் இதைவிட வேகமான பணத்தை இவ்வாய்வு காணவில்லை.

மண்டபத்துக்குள் ஒரு பதவி வரிசை உண்டு. நிர்வாகவியல் துறையினர் இதைக் கவனிக்காமல் விட்டது வருத்தத்துக்குரியது. புதிதாக வந்தவனுக்கு இலை போடுவதும் தண்ணீர் பாட்டில் வைப்பதும். அதில் தேறினால் உப்பு, ஊறுகாய். இது சிறு பொறுப்பாகத் தோன்றலாம். உப்பை விட்டுவிட்டால் சமையல்காரர் பெயர் கெடும், இரண்டு முறை வைத்துவிட்டாலும் கெடும். அடுத்து கூட்டு, பொரியல். அதன்பின் சோறு. சாம்பார் வாளி என்பது அனுபவசாலிக்கு உரியது. நெரிசலில் கைக்குழந்தைகளையும் பட்டுப்புடவைகளையும் கடந்து, கொதிக்கும் வாளியோடு ஒருவன் சிந்தாமல் போகிறான் என்றால் அவனுக்கு ஓட்டுநர் உரிமம் நேரடியாகக் கொடுத்துவிடலாம். ரசம் இன்னும் நுட்பம்: சோற்றில் குழி இல்லாத இலையில் ஊற்றினால் அது அடுத்தவர் மடிக்குப் பாயும். வரிசையின் உச்சியில் இருப்பது இனிப்பு. அதை நம்பிக்கைக்கு உரியவரிடம் மட்டுமே அண்ணன் ஒப்படைப்பார். ஒருவருக்கு ஒன்று என்னும் சட்டத்தை மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் நிலைநாட்டும் நெஞ்சுரம் அதற்கு வேண்டும். "தம்பி, இங்கிட்டு இன்னொன்னு வையி, நான் மாப்ளைக்கிச் சித்தப்பா" என்று ஒரு பந்தியில் ஏழெட்டுப் பேராவது சொல்வார்கள். மாப்பிள்ளைக்கு உண்மையில் எத்தனை சித்தப்பா என்பதை விசாரிக்க அவகாசம் இருக்காது.

இத்தொழிலின் பெரும் ஆபத்து பந்தியில் தன் பேராசிரியரே வந்து உட்காருவது. காலை முதல் வகுப்பில் ஆப்சென்ட் ஆனவன் மதியம் வெள்ளைச் சட்டையும் கையுறையுமாய் அவர் எதிரில் நிற்கிறான். இருவருமே ஒரு வேலைநாளில் அங்கே இருக்கிறார்கள் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைக்கும். இத்தகைய சந்திப்புகளில் பேச்சு நிகழ்வதில்லை. அந்த இலையில் மட்டும் வடை இரண்டு விழும்.

மண்டபப் பணத்துக்கு ஒரே ஒரு குறை, அது பஞ்சாங்கத்தைப் பொறுத்தது. ஆடியில் கல்யாணம் இல்லை. மார்கழியில் இல்லை. புரட்டாசியில் பலர் வைப்பதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பிழைக்கலாமென்றால், நம் ஆடிதான் அங்கே கர்க்கடகம். மலையாளத்தாரும் அப்போது கல்யாணம் வைப்பதில்லை. இந்த இடைவெளியை மாணவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதே இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் இசுலாமியர் நிறைய உண்டு. ராயப்பன்பட்டி கத்தோலிக்கர் ஊர். ஆடியில் நிக்காஹ்வுக்குத் தடையில்லை, ஞானஸ்நானத்துக்கும் தடையில்லை. ரமலானில் நிக்காஹ் இராது, அப்போது பங்குனியோ மாசியோ கைகொடுக்கும். தவக்காலத்தில் தேவாலயத்தில் திருமணம் இராது. ரமலான் ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினோரு நாள் முன்னால் நகரும் என்பது வானியல் வகுப்பில் சொல்லித் தந்ததன்று, சம்பாத்தியத்தில் கற்றது. 2025-இல் ரமலானும் தவக்காலமும் மார்ச் முதல் வாரத்தில் ஒன்றாகத் தொடங்கியபோது மாசி முகூர்த்தங்கள் மட்டுமே அடுப்பை எரிய வைத்தன. பாம்புப் பஞ்சாங்கம், பிறைக் கணக்கு, திருவழிபாட்டுக் காலம் மூன்றையும் ஒரே கைபேசியில் வைத்துக்கொண்டு ஒப்புநோக்கும் சமய அறிஞர் பள்ளத்தாக்கில் வேறெவரும் இல்லை. இவர் பி.காம். இரண்டாம் ஆண்டு, இரண்டு அரியர்.

நான்காவது நாட்காட்டி ஒன்றுண்டு. அதோடுதான் ஒத்துப்போக முடிவதில்லை. பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணையைப் போடுவோர் முகூர்த்த நாள் பார்ப்பதில்லை. நவம்பர் தேர்வு வரும்போது ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள். கார்த்திகை முதல் நாள் சபரிமலை சீசன் வேறு தொடங்கி, தேனி, கம்பம் சாலை முழுக்க மாலை போட்ட சாமிகளின் வண்டிகள். சாலையோரம் திராட்சைக் கூடை வைத்தவன் வீட்டுக்குச் சாப்பிடக்கூடப் போகமாட்டான், பரீட்சைக்கு எங்கே போக? ஏப்ரல் தேர்வு முடியுமுன் சித்திரை முகூர்த்தம், பின்னாலேயே வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் எட்டு நாள் திருவிழா. ராட்டினத்துக்கு டிக்கெட் கிழிக்க, கடையில் நிற்க, வண்டி நிறுத்துமிடத்தில் விசில் ஊத எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும்.

மாணவியரைப் பேசாமல் விட்டால் ஆய்வு ஒற்றைக்கண் ஆய்வாகிவிடும். பந்தி பரிமாற அவர்களை அனுப்பும் வீடுகள் குறைவு. ஆனால் அதே கல்யாணத்துக்கு முந்தைய நாள் மணப்பெண்ணின் முழங்கைவரை மெஹந்தி போட்டவளும், ஒரு மாதமாக ரவிக்கையில் ஆரி வேலை செய்தவளும் எங்கோ ஒரு கல்லூரியில் கணிதமோ ஆங்கிலமோ படிக்கிறவர்கள்தான். சீலையம்பட்டிப் பூச்சந்தையில் மல்லிகை விலை ஏறும் நாளெல்லாம் இவர்களுக்கும் நல்ல நாள். தொகையும் பையன்கள் வாங்குவதைவிடக் கூடுதல். திசைவேகம் மட்டும் குறைவு, ஏனெனில் வாடிக்கையாளர் பெரும்பாலும் பக்கத்து வீட்டு அக்கா. தாய்மாமன் தேற்றம் இங்கே அக்கா தேற்றமாகத் திரிந்து வருகிறது: "கல்யாணச் செலவெல்லாம் முடியட்டும், தர்றேன்டி." பிள்ளை பிறந்த பின்னும் முடியாத கல்யாணச் செலவுகள் உண்டு.

எழுத்து அழகாக உள்ளவனுக்கு மண்டபத்திலேயே இன்னொரு பதவி: மொய் எழுதுதல். பெயர், தகப்பன் பெயர், ஊர், வகையறா, தொகை எல்லாம் பிழையில்லாமல் எழுத வேண்டும். இங்கே ஓர் எழுத்துப் பிழை இரண்டு குடும்பங்களைப் பத்தாண்டு பேசாமல் வைக்கும். மொய்க்கும் இப்போது கணினி வந்துவிட்டது. தொகையைத் தட்டினால் ரசீது அச்சாகி வருகிறது. தட்டுவதற்கும் ஒரு மாணவனே வேண்டியிருப்பதால் வேலைவாய்ப்பு குறையவில்லை. பேனா பிடித்தவன் வெளியேறித் தட்டச்சு தெரிந்தவன் அமர்ந்ததைத் தொழிற்புரட்சி என்று கொள்க.

போலிகளையும் சொல்லிவிடுவது ஆய்வாளன் கடன். தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இல் தடைசெய்யப்பட்டது. கேரளத்தில் அரசே 1967-இல் தொடங்கி இன்றும் நடத்துகிறது. குமுளியில் எல்லையைத் தாண்டினால் சீட்டுக் கடை. ஓணம் பம்பருக்கு முதல் பரிசு 25 கோடி, சீட்டு விலை 500 ரூபாய், அதாவது சரியாக ஒரு முகூர்த்தம். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து சாம்பார் வாளி தூக்கிய நாள் முழுவதும் ஒரு காகிதமாக மாறி, குலுக்கலன்று மறுபடி வெறும் காகிதமாகிறது. இதைவிட மோசமானது கைபேசியில் வருகிறது. வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று தொடங்கிக் கடைசியில் நம்மையே கட்டச் சொல்லும் வகை ஒன்று. "உன் பேங்க் அக்கவுண்ட்டைக் கொஞ்ச நாள் வாடகைக்குக் குடு தம்பி" என்னும் வகை இன்னொன்று. அந்தக் கணக்கு வழியாக யாரோ ஒருவரை ஏமாற்றிய பணம் போகும். போலீஸ் தேடிவருவது கணக்கின் பெயரில் இருக்கும் மாணவனை. திசைவேகத்தில் இதற்கு நிகரில்லை. வீட்டுக்கு ஜீப் வருவதும் அதே வேகம். அந்த ஜீப் ஏலத்தோட்டத்துக்குப் போகாது.

இனி மறுநாள் காலை நோட்டு காணாமற்போவது எவ்வாறு என்னும் வினா. பெட்ரோல் கொஞ்சம், ரீசார்ஜ் கொஞ்சம், புரோட்டா கொஞ்சம் என்பது மேலோட்டமான விடை. நுணுகிப் பார்த்தால் பெரும்பகுதி வேறிடம் போகிறது. வகுப்புத் தோழனின் அக்காவுக்குக் கல்யாணம் என்றால் நண்பர்கள் சார்பில் ஃபிளெக்ஸ் வைத்தாக வேண்டும். அதில் தன் முகம் மூன்றாம் வரிசையிலாவது இருக்க வேண்டுமானால் பங்கு கொடுக்க வேண்டும். பிறகு மொய். முன்பின் தெரியாதவர் கல்யாணத்தில் பரிமாறி வாங்கிய ஐந்நூறு, தெரிந்தவர் கல்யாணத்தில் மொய்யாகவும் ஃபிளெக்ஸாகவும் செலவாகிறது. அந்தத் தெரிந்தவரின் வீட்டார் அதை எடுத்துக் கேட்டரிங் அண்ணனிடம் கொடுக்கிறார்கள். அவர் அதை வண்டிக்குப் பின்னால் வைத்து வேறொரு மாணவனிடம் பிரிக்கிறார். அதே நோட்டு ஒரு வைகாசிக்குள் எத்தனை மண்டபம் ஏறி இறங்குகிறது என்பதை நோட்டின் எண்ணைக் குறித்து வைத்து ஆராயலாம் என்று இக்கட்டுரையாளர் ஒரு மாணவரிடம் யோசனை சொன்னார். எண்ணைக் குறித்துக்கொள்ளும் அளவுக்கு அது கையில் நிற்பதில்லை என்று விடை வந்தது.

தீராத ஒரு வழக்கும் இத்துறையில் உண்டு. கடைசிப் பந்திக்குப் பின் பரிமாறியவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களே, அந்தச் சாப்பாடு கூலியில் சேருமா, சேராதா? சேரும், அதனால்தான் தொகையை ஐந்நூறோடு நிறுத்துகிறோம் என்பது கேட்டரிங் அண்ணன்மார் கொள்கை. சேராது, கல்யாண வீட்டில் சாப்பிடாமல் அனுப்புவது குற்றம், ஆகவே அது விருந்தோம்பலில் அடங்கும் என்பது மாணவர் கொள்கை. பெண் வீட்டார் மூன்றாம் தரப்பாக வந்து, இலைக்கணக்குப் போட்டே எங்களிடம் காசு வாங்கியாயிற்று, இந்தப் பன்னிரண்டு இலையும் அதில் சேர்ந்ததா என்று கேட்கிறார்கள். அதற்கு அண்ணன்மார் இதுவரை விடையளிக்கவில்லை. மூன்று தரப்பும் ஒப்புக்கொள்வது ஒன்றே: அந்தப் பந்திக்கு வரும்போது பாயசம் தீர்ந்திருக்கும், அப்பளம் நமத்திருக்கும், ரசம் மட்டும் வேண்டிய அளவு இருக்கும்.